சோபாவா, சால் அறையா, வெறுந்தரையா: மும்பையில் 'மீள முடியுமா?' போட மூன்று வழிகள்

கேள்வி எப்போதும் ஒரே தினுசில்தான் வரும். "மூணு பேர், ஒரே ரூம், ஒண்ணரை மணி நேரம். செட் செலவே இல்லை, ஸ்டைலைஸ்டா பண்ணிடலாம். லைட்டுக்கு நீங்க வர்றீங்களா?" இந்த ஒரு வருஷத்தில் மூன்று குழுக்கள் இப்படிக் கேட்டுவிட்டன. ஒன்று செம்பூர், ஒன்று டோம்பிவிலி, இன்னொன்று தாராவி இளைஞர்கள். மூன்று குழுவின் கையிலும் ஒரே நாடகம், ழான் பால் சார்த்தரின் 'மீள முடியுமா?'. மூன்றும் முட்டி நிற்பதும் ஒரே இடத்தில். அந்த அறையை எப்படிக் காட்டுவது?

நான் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறவன். சனி ஞாயிறில் சின்னக் குழுக்களுக்கு லைட் போடுகிறேன். இந்த நாடகத்தை மூன்று விதமாகவும் லைட் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தாயிற்று. போனில் ஆளுக்கு ஒரு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். செத்துப்போன மூன்று பேரை ஒரு பணியாள் ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கொண்டுவந்து விடுகிறான். கார்ஸேன் பத்திரிகைக்காரன். இனேஸ் தபால் ஆபீஸ் குமாஸ்தா. எஸ்தெல் பணக்கார வீட்டுப் பெண். நரகம் என்றார்களே, எண்ணெய்க் கொப்பரை எங்கே என்று பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. மூன்று சோபா, அசைக்க முடியாத ஒரு வெண்கலச் சிலை, காகிதம் வெட்டும் கத்தி, நினைத்தால் அடிக்கும் நினைத்தால் அடிக்காத ஒரு மணி. கண்ணாடி கிடையாது. விளக்கை அணைக்க முடியாது. தூங்கவும் முடியாது. மற்ற இருவர் கண்ணில் தெரிவதுதான் இனிமேல் ஒருவருக்கு முகம்.

1944 மே மாதம், பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, வியூ கொலம்பியே அரங்கில் முதலில் மேடையேறியது. மூன்று நண்பர்களுக்கு வேஷம் எழுத வேண்டும், ஒருவருக்குக் கூட ஒருவருக்குக் குறைய என்று இருக்கக் கூடாது, யாரும் மேடையை விட்டு இறங்கவும் கூடாது, அந்த யோசனையில்தான் இந்த அறை பிறந்தது என்று சார்த்தரே பின்னாளில் சொன்னார். ஆரம்ப ஒத்திகைகள் ஹோட்டல் அறையில் நடந்தன. அப்போது கார்ஸேனாக நடித்து இயக்கவும் இருந்தவர் ஆல்பெர் காம்யு. ஆகவே ஹால் கிடைக்காமல் யாரோ ஒருவர் வீட்டில் டீபாயைச் சுவரோரம் தள்ளிவிட்டு ரிகர்சல் பார்க்கும் மும்பைக் குழுக்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே சத்யதேவ் துபே இதை இந்தியில் 'பந்த் தர்வாஜே' என்று போட்டிருக்கிறார். 1970களில் மராத்திச் சோதனை நாடகம் வளர்ந்ததும் தாதரில் சபில்தாஸ் பள்ளிக்கூடத்து ஹாலில்தான்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் பணத்தில் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். என் வரிசை இது:

ஒத்திகை மணிநேரம். எத்தனை வாரம் என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வாரம் இரண்டு தடவை, மூன்று மூன்று மணி நேரம், பத்து வாரம் என்றால் காகிதத்தில் 60 மணி. அதில் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்குக்கு (தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்திவைப்பது) கொஞ்சம் போகும். டோம்பிவிலி கார்ஸேன் தாதர் வந்து சேர்வதற்குள் செம்பூர் எஸ்தெல்லுக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும். அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல். 60 என்று எழுதினால் 45 கிடைக்கும். அந்த 45-ஐ வைத்துத்தான் மற்றதெல்லாம்.

அனுமதி. இதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அரங்கு. மாட்டுங்கா மைசூர் அசோசியேஷன் ஹால் மாதிரி எதிரே நாற்காலி போட்ட மேடையா, பிருத்வி மாதிரி மூன்று பக்கமும் ஆள் உட்காரும் இடமா, வெர்சோவா ஆராம் நகர்ப் பழைய பங்களாக்களில் இருக்கிற மாதிரி அறுபது எழுபது நாற்காலி ஸ்டுடியோவா? கடைசியாகச் சொன்னதில் முதல் வரிசைக்கும் நடிகருக்கும் நாலடிதான் இடைவெளி. அங்கே பாலியெஸ்டர், பாலியெஸ்டராகவே தெரியும்.

யார் வருவார்கள், என்ன தமிழ். சயானிலும் மாட்டுங்காவிலும் குடும்பத்தோடு வருகிறவர்கள் வேறு, வெர்சோவாவில் மராத்தி, இந்தி நண்பர்களோடு வருகிறவர்கள் வேறு. நடிகர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பாதிப் பேருக்குப் படிக்க வராது. ஸ்கிரிப்டை ஆங்கில எழுத்திலோ தேவநாகரியிலோ அடித்துக் கொடுக்க வேண்டும். அப்படிப் படிக்கிறவர் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிவிடுவார். அதைச் சரிசெய்யவும் மணிநேரம் போகும்.

பணம். ஹால், லைட், டெம்போ, சாப்பாடு. சாப்பாட்டை மறக்காத குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை.

## மூன்று வழிக்கும் பொதுவான தலைவலி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். சார்த்தர் இறந்தது 1980. அப்படியானால் 2040 முடியும் வரை உரிமை உயிரோடு இருக்கிறது. "கிளாசிக்தானே, யார் கேட்கப்போறா" என்பது அனுமதி ஆகாது. பிரெஞ்சிலிருந்து நேராக வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த தமிழ்ப் பிரதி க்ரியா வெளியீடாக இருக்கிறது. அதைப் பேசப்போகிறீர்கள் என்றால் மூல உரிமைக்கு ஒரு கடிதம், மொழிபெயர்ப்பு உரிமைக்கு ஒரு கடிதம். பதில் வர மாதக்கணக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டே தேதி போடுங்கள்.

அமெச்சூர் குழு, பார்வையாளரிடம் காசு வாங்காமல் நடத்தினால் அந்த நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது நடத்துவதற்கான விலக்கு. நீங்களே புதிதாகத் தமிழாக்கம் செய்வதற்கும், கதையை மாட்டுங்காவுக்கு மாற்றுவதற்கும் அது உதவாது.

இங்கே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. காம்யு 1960 ஜனவரியில் கார் விபத்தில் போனார். இந்தியாவில் அவர் நாடகங்கள் 2021-இலிருந்து பொதுச்சொத்து. இருத்தலியல் நாடகம் ஒன்று வேண்டும், சார்த்தர்தான் என்று பிடிவாதமில்லை என்றால், பல வருஷம் கழித்து அடையாளம் தெரியாமல் திரும்பி வரும் மகனைத் தாயும் தங்கையுமே கொல்கிற அவருடைய விடுதி நாடகம் இருக்கிறது. ஐந்தே பாத்திரங்கள். இதுவும் 1944 பாரிஸ்தான். ஆனால் ஒரு பொறி: அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. பழைய ஆங்கிலப் பிரதிகள் பலவற்றைச் செய்த ஸ்டூவர்ட் கில்பர்ட் 1969-இல் இறந்தவர். அவருடைய ஆங்கிலத்தை வைத்துத் தமிழாக்கினால் 2029 வரை அந்த உரிமையில் கை வைத்ததாகும். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் பிடித்து மூலத்திலிருந்தே செய்யுங்கள்.

அப்புறம் மகாராஷ்டிராவுக்கே உரியது ஒன்று. இங்கே பொதுமேடையில் நாடகம் போடுவதற்கு முன் ஸ்கிரிப்டை ரங்கபூமி பிரயோக் பரிநிரீக்ஷண் மண்டல் என்கிற நாடகத் தணிக்கை வாரியத்திடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னையிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டதும் முழிப்பார்கள். சான்றிதழ், கொடுத்த ஸ்கிரிப்டுக்கு. ஷோவுக்கு முந்தின வாரம் வரை வசனத்தை மாற்றிக்கொண்டே இருக்கிற குழுவுக்கு இது சங்கடம். அப்படி மாற்றுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வழிக்காரர்கள்தான்.

## வழி ஒன்று: பாரிஸ் வரவேற்பறை அப்படியே

எழுதியபடி போடுவது. பழைய பிரெஞ்சு மோஸ்தர் அறை, மூன்று நிறத்தில் மூன்று சோபா, கணப்பு, சிலை. இதைப் பழமை என்று இளைஞர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாடகத்தில் சோபா பாதி நடிப்பைச் செய்துவிடுகிறது. யார் எந்தச் சோபா, யார் எழுந்து யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், யார் தன் சோபாவைத் திருப்பிக்கொண்டார் என்பதிலேயே சண்டை முழுதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பயிற்சி குறைந்த நடிகருக்கு அது ஊன்றுகோல். அவருக்கு 45 மணி நேரம் போதும்.

மறைந்திருக்கும் செலவு, அந்தச் சோபாதான். ஓஷிவாராவில் பழைய ஃபர்னிச்சர் கடைகள் வாடகைக்குத் தருவார்கள். சோர் பஜாரில் சிலை, கத்தி எல்லாம் கிடைக்கும். வாடகையை எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். டெம்போ போக வர இரண்டு நடை, ஏற்றி இறக்கக் கூலி, டெக்னிக்கல் ரிகர்சலுக்காகக் கூடுதலாக ஒரு நாள் வாடகை, கிழிந்தால் அபராதம், இவற்றை எழுத மாட்டார்கள்.

ஒரு தடவை முதல் மாடியில் ஓர் அரங்கு. படிக்கட்டுத் திருப்பத்தில் முதல் சோபா சிக்கிக்கொண்டது. காலைக் கழற்றி, கைப்பிடியைக் கழற்றி, ஒரு மணி நேரம் போராடி ஏற்றினோம். இரண்டாவது எப்படியோ ஏறியது. மூன்றாவது கடைசிவரை டெம்போவிலேயே இருந்தது. அன்றைக்கு எஸ்தெல் உட்கார்ந்தது கேன்டீனிலிருந்து எடுத்து வந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில். நாடகத்தில் தன் நீல உடுப்புக்கு ஒத்துவரவில்லை என்று சோபா நிறத்தைப் பற்றி அவள் சிணுங்குகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் முதல் வரிசையில் ஒரு மாமி வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலி உடுப்புக்கு அவ்வளவு பொருத்தம்.

அரங்கின் கதவு, படிக்கட்டு, லிஃப்ட் மூன்றையும் டேப் வைத்து அளந்த பிறகு சோபாவுக்கு முன்பணம் கொடுங்கள்.

இந்த வழி எப்போது நல்லது? நேரம் குறைவு, நடிகர்கள் புதிது, ஹால் பெரிது, மேடை எதிரே. பார்க்க வருகிறவர்களுக்கு இந்த நாடகமே முதல் தடவை என்றால் இன்னும் நல்லது. சிறிய ஸ்டுடியோவில் மட்டும் வேண்டாம். நாலடி தூரத்தில் சாயம் பூசிய தெர்மோகோல் கணப்பைப் பார்த்தால் நரக பயம் வராது.

## வழி இரண்டு: மும்பைக்குக் குடிபெயர்ப்பது

மூன்று பேரையும் நம்ம ஊர் ஆக்கிவிடுவது. சால் என்றால் வரிசையாக ஒற்றை அறைக் குடித்தனங்கள் இருக்கிற மும்பைப் பழைய கட்டடம். அதில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சோபாவுக்குப் பதில் மடக்குக் கட்டில், தகர டிரங்குப் பெட்டி, மோடா என்கிற பிரம்பு முக்காலி. அணையாத விளக்குக்கு டியூப் லைட். இதில் நான் பார்த்த மிக நல்ல யோசனை, சிலைக்குப் பதில் வைத்த பீரோ. சாவி தொலைந்த கோத்ரெஜ் பீரோ, கதவில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டார்கள். நீள்சதுரமாக வெளிறிய தகரமும் நாலு மூலையில் ஆணி ஓட்டையும் மட்டும். எஸ்தெல் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் அதன் முன்னால் போய் நின்று தலையைச் சரிசெய்யக் கையைத் தூக்குவாள். கை அப்படியே நிற்கும். கண்ணாடி இல்லை என்பதை விளக்க அதற்கு மேல் ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

டியூப் லைட்டுக்குப் பழைய சோக் போடச் சொன்னேன். அந்த 'ம்ம்ம்' சத்தம் ஒன்றரை மணி நேரமும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் கவனித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் நிறையப் பேர் தலைவலித்தது என்றார்கள்.

பேச்சில் இந்த வழிக்கு ஒரு சொத்து இருக்கிறது. மூலத்திலேயே இனேஸும் எஸ்தெல்லும் ஒரே வர்க்கமில்லை. தாராவித் திருநெல்வேலித் தமிழ் பேசும் இனேஸ், மாட்டுங்காத் தமிழ் பேசும் கார்ஸேன், ஆங்கிலம் கலந்து கான்வென்ட் தமிழ் பேசும் எஸ்தெல் என்று வைத்தால் வாயைத் திறந்ததுமே யார் யாரை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கும். தமிழ் படிக்கத் தெரியாத நடிகருக்கும் இது சௌகரியம், வீட்டில் பேசுவதைத்தான் பேசப்போகிறார்.

ஆபத்தும் அதிலேயே. வட்டார வழக்கு வந்தால் சங்கத்து ஹாலில் சிரிப்பு வரும். முதல் பத்து நிமிடம் சிரித்தவர்களை அப்புறம் பயமுறுத்துவது பெரும்பாடு. இரண்டாவது, இந்த ஊரில் மூன்று பேரைச் சின்ன அறையில் பூட்டினால் பார்க்கிறவருக்கு முதலில் ஞாபகம் வருவது வாடகையும் டெபாசிட்டும்தான். நரகம் போய் ஹவுஸ் ஓனர் நாடகம் ஆகிவிடும். அதனால் இடத்தைப் பற்றிய வசனத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிடுங்கள், அறையைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டும். இனேஸ் பெண்களை விரும்புகிறவள். குடும்பங்கள் வருமே என்று அதை 'நெருங்கிய தோழி' என்று மழுப்பிய ஒரு பிரதியை எனக்கு அனுப்பினார்கள். இனேஸுக்கு எஸ்தெல் வேண்டும், எஸ்தெல்லுக்கு கார்ஸேன் வேண்டும், கார்ஸேனுக்கு இனேஸ் தன்னைக் கோழை இல்லை என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு கயிற்றை அறுத்தால் மூன்று பேர் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் மிஞ்சும். அவ்வளவு தயக்கம் இருந்தால் வேறு நாடகம் எடுக்கலாம், நல்ல நாடகங்கள் நிறைய இருக்கின்றன.

கார்ஸேன் போரை எதிர்த்த பத்திரிகைக்காரன், ஓடிப்போகும்போது பிடிபட்டுச் சுடப்பட்டவன். அவனை மும்பைக்குக் கொண்டுவந்தால் எந்தப் போர், எந்தப் பத்திரிகை? இதற்குப் பதில் எழுதவே பத்துப் பதினைந்து மணி நேரம் மேசையில் போகும். மொத்தம் 80, 90 மணி வைத்துக்கொள்ளுங்கள். தழுவலுக்கு உரிமைக்காரர் சம்மதம் மொழிபெயர்ப்பை விடக் கடினம் என்பதும் நினைவிருக்கட்டும். செட் செலவு குறைவு. பீரோ யார் வீட்டிலாவது இருக்கும். அதைத் தூக்க ஆள் தேடுவதுதான் கஷ்டம்.

## வழி மூன்று: வெறுந்தரை

எல்லோரும் கேட்டு வருவது இதைத்தான். கறுப்புத் தரை, மூன்று ஸ்டூல் அல்லது அதுவும் இல்லை, உடம்பு, வெளிச்சம். "செலவே இல்லை" என்று நினைத்து வருகிறார்கள்.

சோபாவை எடுத்துவிட்டால் அது செய்துகொண்டிருந்த வேலையை நடிகர் உடம்பு செய்ய வேண்டும். 'இது என் இடம்' என்பதை வெறுந்தரையில் நின்று காட்ட வேண்டும். எழுதியபடி போடுகிற கார்ஸேன் கோபம் வந்தால் சோபாவில் சாய்வான், கையை நெற்றியில் வைத்துக்கொள்வான், சிலையைத் தடவுவான். வெறுந்தரைக் கார்ஸேனுக்குக் கையை வைக்க இடம் கிடையாது. முதல் மூன்று வாரம் எல்லோரும் பேன்ட் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நிற்பார்கள். அதை வெளியே எடுக்கவே இருபது மணி நேரம் ஆகும், மிகைப்படுத்தவில்லை.

நான் பார்த்ததில் ஒழுங்காக வந்த ஒரே வெறுந்தரை ஷோவுக்கு 150 மணி நேரம் ஆனது. அதில் பாதி, பார்வைக்கு. இயக்கியவர் ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மூன்று கட்டம் போட்டார். இந்த வரியில் யார் யாரைப் பார்க்கிறார்? எஸ்தெல் கண்ணாடி கேட்கிற காட்சியில், என் கண்ணில் பார்த்துக்கொள் என்று இனேஸ் அழைத்து, கன்னத்தில் ஏதோ சிவப்பாக இருக்கிறதே என்று பயமுறுத்துவாள். அந்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் நாலு சனிக்கிழமை. கார்ஸேன் அந்த நேரம் முழுக்க யாரையும் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவன் தோள்பட்டை லேசாக இறுகுவது மட்டும் தெரியும். அது ஷோவில் நடந்தபோது போர்டில் என் விரல் நின்றுவிட்டது, வெளிச்சம் மாற்ற வேண்டிய ஒரு க்யூவைத் தவறவிட்டேன்.

நம்மிடம் இந்தப் பாணிக்குச் சொந்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருகிற பாத்திரத்தை அறிமுகப்படுத்துவான், பாத்திரம் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படும். மூன்று பேரைக் கொண்டுவந்து விடுகிற பணியாளும் அந்த வேலையைத்தானே செய்கிறான்? இருவர் பிடித்த ஒரு துணி, அதன் பின்னாலிருந்து ஒவ்வொருவராக. அழகாகப் பொருந்தும். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை வழியாக நவீன நடிகர்களுக்கு இந்த உடல்மொழி பழக்கமானது. ஆனால் அவர்கள் வருஷக்கணக்கில் பயின்றவர்கள். இரண்டு ஞாயிறு பட்டறை வைத்து அடவு கற்றுக்கொண்டால் குதிக்க மட்டும்தான் வரும். துணியை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டியங்காரன் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள், கிர்கியை, அதாவது சுழன்றாடுவதை, விட்டுவிடுங்கள்.

முகத்தில் வெள்ளை பூசுவது பற்றி: மே மாதம், ஏசி இல்லாத ஸ்டுடியோ, நாற்பதாவது நிமிடத்தில் வழியும். (நாடகத்தில் அறை புழுங்குகிறது, கார்ஸேன் கோட்டைக் கழற்றப் பார்க்கிறான், எஸ்தெல் விடமாட்டாள். அந்தப் புழுக்கத்தை மும்பை மே மாதம் இலவசமாகத் தருகிறது, பூச்சு தேவையில்லை.)

வெளிச்சத்துக்கு வருகிறேன், என் தொழில். 'ஸ்டைலைஸ்டு' என்றாலே இயக்குநர்கள் சிவப்பு கேட்கிறார்கள், பிளாக்அவுட் கேட்கிறார்கள், செத்தவர்கள் பூமியில் நடப்பதைப் பார்க்கிற இடத்தில் ஸ்பாட் கேட்கிறார்கள். அணையவே அணையாத விளக்கு உள்ள அறை இது. ஒரே ஒரு பிளாக்அவுட் கொடுத்தாலும் பார்வையாளருக்கு அரை நொடி நிம்மதி கிடைத்துவிடும். நான் செய்வது: பார்வையாளர் பக்கமும் லேசாக எரியவிட்டு, முப்பது சதவீதத்தில் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தில் எண்பத்தைந்துக்குக் கொண்டுபோவேன். ஏறுவது யாருக்கும் தெரியாது. கடைசியில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் முகமும் தெரியும். ஸ்டுடியோவில் இருப்பது பெரும்பாலும் சாதாரண 15 ஆம்பியர் பிளக். ஆயிரம் வாட் விளக்கு ஒன்று நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஒரு லைனில் மூன்றுக்கு மேல் மாட்டாதீர்கள். எல்இடி என்றால் அந்தக் கவலை இல்லை, ஆனால் அதன் விசிறிச் சத்தம் சின்ன அறையில் கேட்கும்.

ஆக, இங்கே சோபாவில் மிச்சம் பிடித்தது ஒத்திகை அறை வாடகையில் போகும். 150 மணி நேரத்துக்கு ஹவுசிங் சொசைட்டி ஹால் கிடைக்குமா? கிடைத்தாலும், மூன்று பேர் கத்திச் சண்டை போடுவதைக் கேட்டு செக்ரட்டரி இரண்டாம் வாரமே மேலே வருவார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பாரிஸ் அறை | மும்பைத் தழுவல் | வெறுந்தரை |
|---|---|---|---|
| கையில் கிடைக்க வேண்டிய ஒத்திகை | 45 மணி | 80–90 மணி | 150 மணி |
| அனுமதி | மூலம், மொழிபெயர்ப்பு | அவற்றோடு தழுவலுக்கும் | வசனத்தை வெட்டாவிட்டால் முதல் வழி போலத்தான் |
| பொருந்தும் அரங்கு | எதிரே மேடை, பெரிய ஹால் | எதுவும் | மூன்று பக்க அரங்கு, சின்ன ஸ்டுடியோ |
| எதிர்பாராத செலவு | டெம்போ, படிக்கட்டு | எழுத்து வேலை, சான்றிதழ் தாமதம் | ஒத்திகை இட வாடகை, பயிற்சியாளர் |
| கெட்டுப்போனால் எப்படிக் கெடும் | பள்ளி ஆண்டுவிழா போல | காமெடியாகிவிடும் | யாருக்கும் ஒன்றும் புரியாது |

பணம் என்ற வரிசை ஏன் இல்லை என்றால், எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தபோது மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நின்றன.

## கேட்ட மூவருக்கும் நான் சொன்னது

செம்பூர்க் குழு எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், வாரம் ஒரு நாள்தான் சேர முடியும். அவர்களைப் பாரிஸ் அறைக்கு அனுப்பினேன். முகம் சுருங்கியது. அதனால் ஒரே ஒரு பாணி விதியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்: பணியாள் இமைக்கவே கூடாது. மூலத்தில் கார்ஸேன் கவனிப்பதும் அதைத்தான். பணியாளுக்கு மேடையில் கொஞ்ச நேரம்தான் வேலை, பழகினால் முடியும். மற்றதெல்லாம் சாதாரணமாக இருக்கையில் அந்த ஒன்று தனியாகத் தெரியும். ஸ்டைல் என்று அவர்கள் தேடியது முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிட்டது.

தாராவி இளைஞர்களிடம் தமிழும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, வாய்த்துடுக்கும் இருக்கிறது. இரண்டாவது வழியைத் தவிர வேறு எதுவும் அவர்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் உரிமைக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை எழுத உட்கார வேண்டாம் என்றேன். அதுவரை சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வைக்கலாம்.

டோம்பிவிலிக் குழுவில் இருவர் பரதம் பயின்றவர்கள், ஒருவர் களரி. அவர்களுக்கு வெறுந்தரை. ஆனால் ஜூனில் ஷோ வைக்காதீர்கள் என்றேன். தகரக் கூரை ஸ்டுடியோவில் மழை இறங்கினால் மௌனமாக நிற்கிற காட்சி ஒன்றும் செல்லாது. அவர்கள் நவம்பருக்குப் போட்டார்கள்.

## கதவு

மூன்று வழியிலும் கடைசிவரை யாரும் யோசிக்காத ஒன்று கதவு. முடியப்போகிற நேரம் கார்ஸேன் அதை இடிப்பான், அது திடீரென்று திறந்துகொள்ளும், அப்புறம் யாரும் போகமாட்டார்கள். பிளைவுட் செட்டில் ஆவேசமாக இடித்தால் சுவரே ஆடும், பின்னால் முட்டு கொடுத்து மணல் மூட்டை வைக்க வேண்டும். சால் அறை என்றால் வெளித் தாழ்ப்பாள் சத்தம் முக்கியம், பழைய இரும்புத் தாழ்ப்பாளாகத் தேடுங்கள். வெறுந்தரைக்காரர்கள் கதவைக் கையாலேயே நடித்துக் காட்டிவிடலாம் என்பார்கள். ஸ்டுடியோவுக்கென்று ஒரு நிஜக் கதவு இருக்கிறதே, அதைத் திறங்கள்.

டோம்பிவிலிக் குழு அப்படித்தான் செய்தது. முதல் ஷோவில் கதவு திறந்தபோது வெளியே சந்தில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே எரிந்த வெளிச்சத்தைப் பார்த்து டிரைவர் குனிந்து எட்டிப் பார்த்தார், ஸ்டேஷன் வருகிறீர்களா என்பது போலத் தலையை ஆட்டினார். மூன்று நடிகர்களும் அசையவில்லை. முழுதாகப் பத்து நொடி. அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார். இரண்டாவது ஷோவிலிருந்து வெயிட்டிங் சார்ஜ் கொடுத்து ஓர் ஆட்டோவை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள்.